மேசையில் ஒன்று, கையில் ஒன்று: இரண்டும் வேண்டுமா?

கேள்வி: பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். வயது 25. செங்கில் நண்பர்களோடு வாடகை வீடு. என் கேமிங் பிசி அங்கேதான் இருக்கிறது: ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 1080பி மானிட்டர். எனக்குச் சுழல் ஷிஃப்ட். ஓய்வு நாள் வந்தால் ஜாசின் பக்கம் தோட்டத்து வீட்டுக்குப் போய்விடுவேன். அப்பா, அம்மா, நான்காம் படிவம் படிக்கும் தம்பி எல்லாரும் அங்கேதான். பிசி மாதத்தில் பாதி நாள் தூசு படிந்து கிடக்கிறது.

கையில் 3,000 ரிங்கிட் சேர்ந்திருக்கிறது. ஸ்டீம் டெக் மாதிரி ஒரு கையடக்கக் கருவி வாங்கு என்கிறான் ஒரு நண்பன். அந்தக் காசுக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு போடு என்கிறான் இன்னொருவன். நண்பர்களோடு வேலரண்ட், ஈஏ எஃப்சி ஆடுவேன். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் இரண்டையும் தள்ளுபடியில் வாங்கி முடிக்காமல் வைத்திருக்கிறேன். தோட்டத்து வீட்டில் வைஃபை கிடையாது, கைப்பேசி டேட்டாதான். அம்மாவோ, “அதான் ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குடா?” என்கிறார். என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகர், மலாக்கா

பதில்: இரண்டு நண்பர்களின் யோசனையையும் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேட்கவேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் படம் திக்குகிறது, ஆட்டம் தடுமாறுகிறது என்று எங்குமே இல்லை. பிசி தூசு படிந்து கிடக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். 1080பி மானிட்டருக்கு ஆர்டிஎக்ஸ் 3060 இன்றைக்கும் போதும். அதைக் கழற்றிவிட்டு இன்னும் வேகமான கார்டைப் போட்டால், நீங்கள் ஜாசினில் இருக்கும் நாள்களில் அது இன்னும் வேகமாகச் சும்மா கிடக்கும். உங்களிடம் குறைவது வேகம் இல்லை, மேசைக்கு முன்னால் உட்காரும் நேரம்தான். ஆகவே கார்டு யோசனையை இங்கேயே முடித்துவிடலாம்.

மிச்சம் இருப்பது கைக்கருவி. மேசையை விட்டு விலகியிருக்கும் உங்கள் நேரத்தை அது உண்மையிலேயே பயன்படுத்துமா, அல்லது அதுவும் தூசு படியப் போகிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக்கை வெளியிட்ட பிறகுதான் ‘கையில் பிடிக்கும் பிசி’ என்ற வகை பரவலானது. 2023இல் ஏசஸின் ரோக் அல்லையும் லெனோவோவின் லீஜியன் கோவும் வந்தன. 2024இல் எம்எஸ்ஐயின் கிளா. இவை எல்லாமே உள்ளுக்குள் முழுக் கணினிகள். வால்வின் இணைய ஆட்டக் கடையான ஸ்டீமில், உங்கள் கணக்கில் ஏற்கனவே வாங்கி வைத்த ஆட்டங்களை மறுபடி காசு கொடுக்காமல் இவற்றில் இறக்கி ஆடலாம். பிசி வைத்திருப்பவருக்கு இவை துணையாக அமைவது முதன்மையாக இந்தக் காரணத்தால்தான்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் வேறு வகை. 2017இல் வந்த முதல் ஸ்விட்சும் சரி, 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2உம் சரி, உங்கள் ஸ்டீம் ஆட்டங்களைத் தொடா. எல்லாவற்றையும் புதிதாக வாங்கவேண்டும். ஆனால் மாரியோ கார்ட், செல்டா போன்றவை பிசிக்கு வராதவை. கன்ட்ரோலரை இரண்டாகக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்து, தீபாவளிக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆடவிடலாம். பிசியில் இல்லாததைக் கொண்டுவருவது ஸ்விட்ச். பிசியில் இருப்பதையே வேறிடத்துக்குக் கொண்டுபோவது ஸ்டீம் டெக் வகை. முடிக்காத ஆட்டங்கள் உங்கள் கணக்கில் கிடப்பதால் உங்களுக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும்.

சின்னக் கருவியில் பெரிய ஆட்டம் எப்படி ஓடுகிறது?

உங்கள் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் வரை இழுக்கும். ஸ்டீம் டெக்கின் சிப், கிராஃபிக்ஸையும் சேர்த்து, அதிகபட்சம் 15 வாட். அதிலும் சைபர்பங்க் ஓடுகிறது என்றால், காரணம் திரையில் இருக்கிறது. டெக்கின் திரை 1280க்கு 800 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 10 லட்சம். உங்கள் 1080பி மானிட்டரில் அதைப்போல் இரு மடங்கு, 4கே திரையில் எட்டு மடங்கு. வரையவேண்டிய புள்ளி குறைந்தால் வேலையும் குறைகிறது. ஏழு அங்குலத் திரையில் அந்தக் குறை கண்ணில் பெரிதாகப் படுவதும் இல்லை.

அதற்காக மேசைப் பிசியின் சுகத்தை எதிர்பார்க்காதீர்கள். எல்டன் ரிங்கோ சைபர்பங்கோ நொடிக்கு 30, 40 படம் என்ற அளவில்தான் நிலையாக ஓடும். ஒரு சின்ன உத்தி: ஸ்டீம் டெக்கின் பக்கவாட்டு மெனுவில் படவேகத்தை 40இல் நிறுத்திப் பாருங்கள். 30இல் ஒரு படத்துக்கு 33 மில்லிவினாடி ஆகிறது, 60இல் 17. இந்த இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும் 25 மில்லிவினாடிதான் 40இன் வேகம். ஆட்டம் 30ஐவிட நன்றாக வழுக்கும். பேட்டரி 60ஐவிட அதிக நேரம் நிற்கும்.

பேட்டரிக் கணக்கை எவரும் எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஸ்டீம் டெக்கில் 40 வாட்-மணி பேட்டரி. கனமான ஆட்டத்தில் முழுக் கருவியும் சேர்ந்து 25 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். எளிய ஆட்டத்தில் 10 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் பேட்டரி 50 வாட்-மணி, 2024இல் வந்த ரோக் அல்லை எக்ஸில் 80. கைக்கருவி வாங்குபவர்கள் சிப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும். இதற்குப் பழைய உதாரணம் உண்டு: 1989இல் நிண்டெண்டோவின் கேம் பாய் வண்ணமில்லாத திரையோடு வந்தது. அதற்குப் போட்டியாக வந்த சேகா கேம் கியரில் வண்ணத் திரை, வேகமும் கூடுதல். ஆனால் அது ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விற்பனையில் வென்றது கேம் பாய்தான்.

பேக்டரி பஸ்ஸில் போகிறவருக்கு இன்னொரு வசதி உண்டு. பவர் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் நடுச்சண்டையிலேயே உறங்கிவிடும். மறுபடி தட்டினால் சில நொடிகளில் விட்ட இடம். ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ் ஓடும் கருவிகளில் இது நன்றாக வேலை செய்கிறது. ரோக் அல்லை போன்ற விண்டோஸ் கருவிகளில் உறக்கம் அவ்வப்போது தொல்லை தரும். பைக்குள் தானாக விழித்துச் சூடாகிக் கிடப்பதும் உண்டு. கருவியை ஆலைக்குள் கொண்டுபோகலாமா என்று முதலிலேயே பாதுகாப்புப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். வைஃபையும் சேமிப்பகமும் உள்ள சாதனங்களைப் பல மின்னணு ஆலைகள் உற்பத்திப் பகுதிக்குள் விடுவதில்லை. லாக்கரோடு நின்றுவிடும்.

எது ஓடும், எது ஓடாது

இந்தப் பகுதியைப் படிக்காமல் காசைக் கொடுத்தவர்கள்தான் பிறகு கருவியைப் பழைய பொருள் விலைக்கு விற்கிறார்கள்.

வேலரண்டை மறந்துவிடுங்கள். அதன் மோசடித் தடுப்பு மென்பொருளான வான்கார்ட் விண்டோஸின் அடி ஆழத்தில் உட்கார்ந்து வேலை செய்வது. ஸ்டீம் டெக்கின் ஸ்டீம் ஓஎஸ், லினக்ஸ் வழி வந்தது. அங்கே வேலரண்ட் திறக்கவே திறக்காது. விண்டோஸ் ஓடும் ரோக் அல்லையை வாங்கினாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் பிசி வேலரண்ட் மவுஸையும் கீபோர்டையும்தான் ஏற்கும், கன்ட்ரோலரை ஏற்காது. ஃபோர்ட்நைட்டும் ஸ்டீம் டெக்கில் நேரடியாக ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 அக்டோபர் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நிறுவனமே லினக்ஸ் கதவை மூடிவிட்டது. ஈஏ எஃப்சியும் 24ஆம் பதிப்பிலிருந்து அதன் மோசடித் தடுப்பால் ஸ்டீம் டெக்கில் முடங்கியது. விண்டோஸ் கைக்கருவியில் எஃப்சி ஓடும்.

மறுபக்கம், நீங்கள் முடிக்காமல் வைத்திருக்கும் இரண்டுமே டெக்கில் நன்றாக ஓடுபவை. சைபர்பங்கில் ஸ்டீம் டெக்குக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. ஸ்டீம் கடையில் ஒவ்வோர் ஆட்டத்தின் பக்கத்திலும் டெக்கில் ஓடுமா என்ற குறியீடு இருக்கும். பச்சை என்றால் சரிபார்க்கப்பட்டது, மஞ்சள் என்றால் சிறு சிரமங்களோடு ஆடலாம், தடைக்குறி என்றால் ஆதரவில்லை. உங்கள் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கைக்கருவியில் ஆடுவதற்கு எல்லாம் பெரிய ஆட்டமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ‘வெண்பா’ என்று ஒன்று இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு ஒரு பழைய சமையல் குறிப்பேடு, பாதி தெரிந்த பக்குவத்தை வைத்து இட்லி ஊற்றுவது என்று போகும் ஆட்டம். 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்வானது. ஒரே மாலையில் முடித்துவிடலாம். பேட்டரியையும் அதிகம் தின்னாது. இன்னொண்ணு எதுக்குடா என்று கேட்ட அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக் காட்டுங்கள். புளி எப்போது சேர்க்கவேண்டும் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

வைஃபை இல்லாத தோட்டத்து வீட்டில்

செங்கில் இருக்கும் பிசியை ஓடவிட்டு, அதன் படத்தை இணையம் வழியாக ஜாசினில் உள்ள கைக்கருவிக்கு அனுப்பி ஆடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒரே வீட்டுக்குள் அது அருமையாக வேலை செய்யும். ரவுட்டரிலிருந்து பிசிக்கு கேபிள், கைக்கருவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் போதும். மூன்லைட் செயலியோ ஸ்டீமின் சொந்த வசதியோ போட்டுக் கட்டிலில் படுத்தபடி 3060இன் முழு பலத்தோடு ஆடலாம். பேட்டரியும் நெடுநேரம் நிற்கும், கனமான வேலையைப் பிசி பார்த்துக்கொள்வதால். ஆனால் தோட்டத்தில் கைப்பேசி டேட்டாவை நம்பி இதைச் செய்யாதீர்கள். 15 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய 7 ஜிபி போய்விடும். டவர் சிக்னல் ஒரு வினாடி தடுமாறினால் சண்டையில் செத்துப்போவீர்கள்.

உங்களுக்கு ஏற்றது ஏற்றிக்கொண்டு போகும் வழி. 100 ஜிபி ஆட்டத்தை 10 மெகாபிட் டேட்டாவில் இறக்க 22 மணி நேரம் ஆகும். செங்கில் இருக்கும்போது இணையத்தில்கூட இறக்க வேண்டாம். ஒரே வீட்டில் உள்ள ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டக் கோப்புகளை நேராக நகலெடுக்கும் வசதியை ஸ்டீம் 2023இல் கொண்டுவந்தது. பதிவிறக்க அமைப்புகளில் ‘உள்வலைப் பரிமாற்றம்’ என்ற பொருளில் இருக்கும். அதை இயக்கிவிட்டால், பிசியில் இருக்கும் ஆட்டம் வைஃபை 400 மெகாபிட் தந்தால் அரை மணி நேரத்தில் கைக்கருவிக்கு வந்துவிடும்.

பையைத் தூக்குவதற்கு முன் இரண்டு காரியம். ஏற்றிய ஒவ்வோர் ஆட்டத்தையும் இணையம் இருக்கும்போதே ஒரு தடவை திறந்து முதல் திரைவரை போய்வாருங்கள். முதல் ஓட்டத்தில்தான் பல துணைக்கோப்புகள் இறங்கும், கணக்கும் சரிபார்க்கப்படும். அடுத்து, ஸ்டீமை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றி அந்த ஆட்டம் திறக்கிறதா என்று பாருங்கள். ஈஏ, யூபிசாஃப்ட், ராக்ஸ்டார் ஆட்டங்கள் தங்கள் சொந்த நுழைவுப் பலகையைக் காட்டி இணையம் கேட்டு நிற்பது வழக்கம். தோட்டத்து வீட்டில் போய் அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

இனி எல்லோரும் வழுக்கி விழும் இடம்: சேமிப்பு. நீங்கள் விட்ட இடத்தை ஸ்டீம் தன் மேகத்தில் வைத்துக்கொண்டு பிசியிலும் கைக்கருவியிலும் ஒன்றாகவே காட்டும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் ஆட்டத்தை முறையாக மூடி வெளியேறினால்தான் சேமிப்பு மேலே ஏறும். ஞாயிறு இரவு ஜாசினில் பொத்தானைத் தட்டி உறங்கவைத்துவிட்டு, செங்குக்கு வந்து பிசியைத் திறந்தால் பழைய இடம்தான் இருக்கும். அதிலேயே ஆடிவிட்டால் பிறகு எந்தச் சேமிப்பு வேண்டும் என்று ஸ்டீம் கேட்கும். ஒன்றை இழந்தே ஆகவேண்டும். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஆட்டத்தை மூடி, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை ஒரு நிமிடம் திறந்து, மேகக்குறி ஒத்திசைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். பொதுவாகச் சேமிப்புக் கோப்பு சில மெகாபைட்தான், டேட்டா கரையாது.

கரண்ட், இடி, பில்

கைக்கருவி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. அதற்காக வாங்குவது வீண். உங்கள் பிசியும் மானிட்டரும் ஆட்டத்தின்போது 300 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 60 மணி நேரத்துக்கு 18 யூனிட். கைக்கருவிக்கு 25 வாட் என்றால் ஒன்றரை யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்றாலும் மிச்சம் ஏழரை ரிங்கிட்டுக்குள்தான். போட்ட 3,000 ரிங்கிட்டை அதில் எடுக்க 33 ஆண்டுகள் ஆகும்.

இடிமழைதான் உண்மையான காரணம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறும்போது மலாக்காவில் மாலை இடிக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனால் சேமிக்காத பிசி ஆட்டமும் அதோடு போகும். மின்னல் பிளக் வழியாகவும் நெட் கேபிள் வழியாகவும் வந்து பாகங்களை எரித்துவிடும். கைக்கருவியைச் சார்ஜரிலிருந்து உருவிவிட்டால் போதும், அது பாட்டுக்கு ஓடும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் பெயரளவில் 74 வாட்-மணி இருக்கும். இழப்புபோக டெக்கை ஒரு தடவை முழுதாக நிரப்பிவிட்டுக் கொஞ்சம் மிஞ்சும். 45 வாட் யூஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) வெளியீடு உள்ளதாக வாங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் ஆடினால் விசிறி இரைந்து வேகம் குறையும். கருவியின் பின்புறக் காற்றுத் துளைகளைத் தலையணையால் மூடிவிடாதீர்கள்.

எதை வாங்குவது, எங்கே வாங்குவது

ஸ்டீம் டெக்கை வால்வ் முதலில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றது. பிறகு ஜப்பான், தென்கொரியா, தைவான், ஹாங்காங். 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா. நம் நாட்டில் கடைகளிலும் ஷாப்பி, லஸாடாவிலும் கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி செட்டுகள். பழுதானால் கடைக்காரர் தரும் உத்தரவாதம்தான் உங்களுக்குப் புகலிடம். அதை எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு முள் சார்ஜர் வந்தால் அடாப்டர் போட்டு ஓட்டாமல் சிரிம் முத்திரையுள்ள மூன்று முள் பிடி சார்ஜர் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ஏசஸ், லெனோவோ, எம்எஸ்ஐ மூன்றும் மலேசியாவில் அதிகாரபூர்வமாக விற்கின்றன. உள்நாட்டு உத்தரவாதம் கிடைக்கும். முதல் ரோக் அல்லையைப் பழையதாக வாங்கினால் எஸ்டி கார்டு துளையைச் சோதியுங்கள். கருவி சூடாகும்போது அங்கே கோளாறு வரக்கூடும் என்று ஏசஸே 2023இல் ஒப்புக்கொண்டது. விண்டோஸின் தொல்லையும் வேண்டாம், இறக்குமதி செட்டின் பயமும் வேண்டாம் என்பவர்கள் லீஜியன் கோ எஸ்ஸின் ஸ்டீம் ஓஎஸ் பதிப்பு இங்கே உள்நாட்டு உத்தரவாதத்தோடு கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். வால்வ் தவிர்த்த வேறொரு நிறுவனத்தின் கருவியில் ஸ்டீம் ஓஎஸ் அதிகாரபூர்வமாக வந்தது 2025இல் அதில்தான்.

பழையதை வாங்குவதானால் நேரில் பாருங்கள். இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு மெனுவில் ஏதாவது தானாக நகர்கிறதா என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது.

தம்பிக்கும் பங்கு உண்டா?

உண்டு, கட்டுப்பாட்டோடு. 2024 செப்டம்பரில் ஸ்டீம் முழுமையாக வெளியிட்ட குடும்ப வசதியில் ஆறு பேர்வரை ஒரே குடும்பமாகச் சேர்ந்து ஆட்டங்களைப் பகிரலாம். நீங்கள் செங்கில் எல்டன் ரிங் ஆடும்போது அவர் ஜாசினில் வேறோர் ஆட்டத்தைத் திறக்கலாம். ஒரே பிரதியை இருவரும் ஒரே நேரத்தில் ஆட முடியாது. சைபர்பங்க் பெரியவர்களுக்கான ஆட்டம், ஆகவே அவருக்கு எதைக் காட்டுவது என்பதையும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் நீங்களே வரையறுக்க முடியும். அடுத்த ஆண்டு அவருக்கு எஸ்பிஎம் என்பதை மறக்கவேண்டாம். இன்னொன்று: உங்கள் பிரதியில் அவர் மோசடி மென்பொருள் போட்டு மாட்டினால் அந்த ஆட்டத்தில் தடை உங்கள் மேலும் விழும். இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை

2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். நீங்கள் செலவிடப் போவது அதில் ஏறக்குறைய இரண்டு மாதம். அம்மா யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஒரு மாதம் பொறுங்கள்.

நூறு ரிங்கிட்டை ஒட்டிய விலைக்கு ஒரு புளூடூத் கன்ட்ரோலர் வாங்குங்கள். அது பிசிக்கும் உதவும், வீணாகாது. கைப்பேசியில் ஸ்டீம் லிங்க் செயலியை இலவசமாக இறக்கி, செங்கு வீட்டில் கட்டிலில் இருந்தபடி ஆடிப் பாருங்கள். சின்னத் திரை உங்கள் கண்ணுக்கும் பொறுமைக்கும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். ஜாசினுக்குப் போகும் நாள்களில், பஸ்ஸிலும் வீட்டிலும் உண்மையிலேயே சும்மா இருந்த நேரத்தை மட்டும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். அப்பாவோடு பேசியது, கோயிலுக்குப் போனது, அசந்து தூங்கியது எதையும் அதில் சேர்க்காதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குத் தூக்கம்தான் முதல் தேவை. அந்த நேரத்தைத் திருடிச் சேர்த்தால் கணக்கு பொய்யாகிவிடும். கடைசியாக, ஸ்டீம் உங்கள் சுயவிவரப் பக்கத்தில் கடந்த இரு வாரத்தில் எதை எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்று காட்டும். அதையும், வேலரண்ட் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் தீர்ப்பு இதுதான். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அந்த ஒரு மாதக் கணக்கில் வாரத்துக்கு ஐந்து மணி நேரமாவது மேசைக்கு வெளியே உண்மையான ஓய்வு தேறி, அந்த நேரத்தில் தனியாக ஆடும் ஆட்டங்களையே ஆட நினைத்தால், ஸ்டீம் ஓஎஸ் ஓடும் கைக்கருவி ஒன்றை நல்ல உத்தரவாதத்தோடு வாங்குங்கள். தோட்டத்து வீட்டிலும் எஃப்சி வேண்டும் என்றால் மட்டும் விண்டோஸ் கருவி. உங்கள் ஆட்ட நேரத்தில் முக்கால்வாசி வேலரண்டுக்கே போகிறது என்று கணக்கு சொன்னால், எந்தக் கைக்கருவியும் உங்கள் பிசிக்குத் துணையாகாது. 3,000 ரிங்கிட்டை வங்கியில் விட்டுவையுங்கள், அம்மா சொன்னதே சரி.